படகு வாங்கப் போகும் மகனுக்கு

மஹேபூர், மொரீஷியஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் போன மாதத்துக்கு இப்போது தேவலை, திங்கட்கிழமைச் சந்தைக்கு நடந்தே போய் வருகிறேன். உன் அத்தை மகன் வியாழக்கிழமை ரீயூனியன் வருகிறான். இந்தக் கடிதத்தோடு வீல் நுவார் ஊர் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் நாலு பாக்கெட்டும் எலுமிச்சை ஊறுகாயும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் மருமகளுக்கு. இந்த முறை காரம் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். மூன்று மாதமாக அப்படித்தான் போகிறது.

பெரியவளைத் திட்டாதே. அவளாகச் சொல்லவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன், சிவப்பு விளக்கு பச்சை விளக்குப் புத்தகம் படிக்கிறார் என்றாள். என்ன விளக்கு என்று கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. படகு ஓட்ட லைசென்ஸ் தரும் பெர்மி பரீட்சை, நாலரை மீட்டர் நீலப் படகு, 6000 யூரோ, பாட்டியிடம் சொல்லக்கூடாது என்று நீ சொன்னது, எல்லாம். கடைசியில் அவளே பயந்து போனாள். பாட்டிக்குச் சந்தோஷம்தான் என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.

சந்தோஷம்தான் தம்பி, பொய் இல்லை. எட்டு வயசிலிருந்து தண்ணீர்ப் பக்கமே போகாத பிள்ளை நீ. ப்ளூ பே கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளும் குதிக்கும்போது நீ சட்டையைக் கழற்றாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாய். நாற்பது வயசுக்கு மேல் நீச்சல் வகுப்புக்குப் போனாய் என்று கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. ஆனால் அதைக்கூடப் பேத்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? எனக்குக் கடல் என்ன புதிதா? நாகப்பட்டினத்துக் கரையில் பிறந்தவள். உன் தாத்தா கட்டுமரத்தில் போய் வந்துதான் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

அவசரப்படாதே. முதலில் ஒரு நாலு தடவை வாடகைப் படகில் பிள்ளைகளோடு போய்ப் பார். சின்னவனுக்கு காரிலேயே வாந்தி வருகிறது. நின்று ஆடுகிற படகில் அவன் எப்படி இருப்பான் என்று பார்க்காமல் பணத்தைக் கொட்டாதே. முதல் படகு சின்னதாகவே இருக்கட்டும். நீயும் மருமகளுமாகத் தள்ளி டிரெய்லரில் ஏற்ற முடிகிற அளவுக்கு மேல் வேண்டாம். துறைமுகத்தில் இடம் பிடித்துக் கட்டிவைத்தால் மாதா மாதம் அதற்குத் தீனி போட வேண்டும். வீட்டு வாசலில் டிரெய்லரில் நின்றால் கழுவலாம், பார்க்கலாம், புயல் வந்தால் கட்டிப்போடலாம்.

இந்த வாரம் பக்கத்து வீட்டுப் படகு ஆசாரியிடம் போனேன். தெரிந்த ஒருவர் பழைய ஃபைபர் படகு வாங்குகிறார், எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. அவர் பட்டறையில் நின்ற ஒரு படகின் பின்னால் கூட்டிப்போய், ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, எஞ்சினைத் தாங்கும் பின்பலகையைத் தட்டிக் காட்டினார். மேலே தட்டினால் டொக் டொக் என்று கேட்கிறது. எஞ்சின் மாட்டும் போல்ட்டுக்குக் கீழே வந்ததும் பொத் பொத் என்கிறது, ஈரச் சாக்கைத் தட்டுவது போல. வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி உளுத்துவிட்டது. போல்ட் ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்குமாம். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். பலகையும் கூடவே அசைந்தால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடச் சொன்னார்.

தரையில் கால் வைத்து நடந்து பார், மெத்தை போல அமுங்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது பின்னால் ஒரு சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் கம்பி போல விடாமல் பீய்ச்ச வேண்டும், அதுதான் எஞ்சின் குளிர்கிறது என்பதற்கு அடையாளம். கரையில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதே. கடலில் இறக்கி, ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து பார். ஒரு மெக்கானிக்கை கூட வைத்துக்கொள். பழைய படகில் எஞ்சின்தான் விலை, படகு அதற்குக் கொசுறு என்று ஆசாரி சொன்னார். காற்றடித்த ரப்பர் படகு மலிவாகக் கிடைக்கிறதென்று போகாதே, நம் வெயிலில் ஒட்டு விட்டுவிடும். 6000 யூரோ கையில் இருந்தால் 6000-க்கும் படகு வாங்காதே. உயிர்காப்புச் சட்டைகள், நங்கூரம், கயிறு, ரேடியோ, இன்சூரன்ஸ் எல்லாம் பின்னால் வரிசையாக நிற்கும்.

பிள்ளைகளின் உயிர்காப்புச் சட்டையை மட்டும் புதிதாக வாங்கு, பழசு வேண்டாம். எடைக்குத் தகுந்தது வாங்கு, வளர்கிற பிள்ளை என்று பெரிய அளவு எடுத்துவிடாதே. பள்ளிச் சட்டையை நான் உனக்கு அப்படித்தான் எடுத்தேன், இது அப்படி இல்லை. உங்கள் பிரெஞ்சு விதிப்படி 30 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 100 நியூட்டன் மிதப்பு சக்தி உள்ள சட்டை வேண்டும், கரைக்குப் பக்கத்தில் போனாலும். கால் இடுக்கில் பட்டை உள்ளதாகப் பார். இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே போகும், பிள்ளை கீழே போகும். ஓடும் படகின் முன் நுனியில் இருவரையும் உட்கார விடாதே. எஞ்சினை அணைக்கும் அந்தச் சிவப்புக் கயிற்றை உன் காலில் மாட்டிக்கொள். பெட்ரோலை மூன்று பங்காக்கி, ஒரு பங்கில் போய் ஒரு பங்கில் வந்துவிடு, மூன்றாவது பங்கைத் தொடாதே.

படகைத் தண்ணீரில் இறக்கும் முன், பின்பக்கம் குனிந்து, தண்ணீர் வடிகிற ஓட்டையில் தக்கை போட்டிருக்கிறதா என்று உன் கையால் தொட்டுப் பார். மருமகளிடம் கேட்காதே, பிள்ளைகளை அனுப்பாதே. நீயே தொட்டுப் பார்.

இங்கே கடலைப் பார்த்து அங்கே கடலைக் கணக்குப் போடாதே. நமக்கு ஊரைச் சுற்றிப் பவளப்பாறை அரண் நிற்கிறது. அதற்கு உள்ளே எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டு வந்துவிடலாம். உங்களுக்கு மேற்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம்தான் பாறை, சேன் ஜில் துறைமுக வாயைத் தாண்டினால் திறந்த கடல். பெரியவள் திமிங்கிலம் பார்க்கப் போகிறேன் என்கிறாள். திமிங்கிலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும். காற்றும் தெற்கு அலையும் பலமாக வருவது அதே மாதங்களில்தான். முதல் வருஷம் அவளை அழ விடு, பரவாயில்லை. பழகியவர்கள் படகில் காசு கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டு. படகிலிருந்து குதித்துக் குளிக்கவும் விடாதே. அத்தனை சுறாத் தாக்குதலுக்குப் பிறகுதான் 2013-இல் பாறைக்கு உள்ளே இருக்கும் லகூனுக்கு வெளியே கரையோரத்தில் நீந்தக் கூடாது என்று தடை போட்டார்கள். உனக்குத் தெரியாததா. இருந்தாலும் எழுதுகிறேன்.

உனக்கு எல்லாம் தெரியும். ஒரு பிளக் மாட்டுவதற்கு மெயினை அணைத்து, மீட்டர் வைத்து இரண்டு தடவை பார்க்கிற பிள்ளை நீ. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, இவன் கையில் யாரும் சாக மாட்டார்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அந்த நிதானம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வலி.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். விளக்கை அணைத்துப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து எழுதுகிறேன்.

1993, ஏப்ரல் லீவு. அப்பா ஆலை போனஸில் வாங்கிய 15 அடிப் படகு. முந்தின இரவு நல்ல மழை. காலையில் படகுக்குள் கணுக்கால் ஆழத் தண்ணீர் நின்றது. அது வடியட்டும் என்று நான்தான் தக்கையைப் பிடுங்கினேன். கறுப்பு ரப்பர், நடுவில் பித்தளைத் திருகு. பிடுங்கி மடியில் முடிந்துகொண்டேன். அப்புறம் சோற்றுக் கூடை, தண்ணீர், உன் தொப்பி என்று ஓடிக்கொண்டிருந்தேன். படகைத் தள்ளும்போது அப்பா கேட்டார், "தக்கை போட்டாச்சா?" "போட்டாச்சு" என்றேன். போட்ட ஞாபகம் இருந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். யோசிக்காமல் சொன்னேன். எங்கள் ஊர்க் கட்டுமரத்தில் தக்கை என்று ஒன்று கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்தது, அலை ஏறினால் இடுக்கு வழியாகவே இறங்கிப் போகும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவோம். மீனவன் மகளுக்குக் கடல் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

புவேன்த் ஜெரோமிலிருந்து ஈல் ஓ ஸெக்ரெத் தீவுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தீவுக்கு இந்தப் பக்கம் நங்கூரம் போட்டு அப்பா தூண்டில் விட்டார். படகு நிற்க நிற்கத் தண்ணீர் பலகைக்கு அடியில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே ஒன்றும் தெரியவில்லை. முதலில் கண்டது நீ. "அம்மா, கால் நனையுது" என்றாய். "சும்மா உட்கார்" என்றேன். மறுபடியும் சொன்னாய். மறுபடியும் அதட்டினேன். அப்புறம்தான் நீ எழுந்து நின்றாய். உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் ஓடிப் படகு சாய்ந்தது. ஒருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை. அப்பா உன் முடியைப் பிடித்துத் தூக்கினார். அந்த இரண்டு மீன்காரர்கள் வராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

கரைக்கு வந்ததும் அப்பா உன்னை அடித்தார். அவர் வாழ்நாளில் உன்னை அடித்தது அன்றைக்கு மட்டும்தான். "ஏன்டா எழுந்து நின்றாய்" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஈரப் புடவையில் அந்த ரப்பர் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பாலத்தின் மேல் நின்று அதை லா ஷோ ஆற்றில் போட்டேன். அப்பா இரண்டே வாரத்தில் படகைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி, அத்தை வீட்டுச் சாப்பாட்டில், "இவன் எழுந்து நின்றான், படகு கவிழ்ந்தது" என்று எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்பா போகும் முன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மூன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. அவரிடம் சொல்ல இனி வழியில்லை.

நீ எழுந்து நின்றதால் படகு சாயவில்லை தம்பி. தண்ணீர் வருகிறது என்று அந்தப் படகில் சொன்னது நீ ஒருவன்தான். நான் கேட்கவில்லை. நீ என்னிடமிருந்து படகு விஷயத்தை மறைத்ததற்கு மேலே கோபமாக எழுதிவிட்டேன், அதை விட்டுவிடு.

உன் பிள்ளைகள் படகில் ஏதாவது சொன்னால், என்ன அற்பமாக இருந்தாலும், எஞ்சினை அணைத்துவிட்டுக் கேள். கால் நனைகிறது என்றால் பலகையைத் தூக்கிப் பார்.

பெரியவளுக்குச் சட்டை வாங்கும்போது சிவப்பு அல்லது ஆரஞ்சு வாங்கு. அவள் நீலம் கேட்பாள், காதில் போட்டுக்கொள்ளாதே. நீலம் தண்ணீரில் தெரியாது.

அப்பா திதிக்கு இந்த வருஷமாவது வா. முக்கால் மணி நேர விமானம்தானே. இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்யாதே, என்னால் பேச முடியாது. இரண்டு வரி எழுதி அத்தை மகனிடமே கொடுத்தனுப்பு. அவன் அடுத்த செவ்வாய் திரும்புகிறான்.

அம்மா