எலி சமைக்குதுன்னு ஒதுக்கிட்டீங்களே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை லீவுக்கு பசங்க பாக்க வேண்டிய படம்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க, அதுல ராட்டடூயி படத்த மட்டும் எலி கிச்சனுக்குள்ள வர்றது சின்னப்பிள்ளைங்களுக்கு தப்பான பாடம்னு ரெண்டே வரில கழட்டிவிட்டுட்டாங்க. எழுதினவரு பாதில எந்திரிச்சுப் போயிட்டாரோன்னு டவுட்டா இருக்கு. நான் 18 வருஷமா டிபன் கடை நடத்துறேன் சார், 2007ல பிக்சார் கார்ட்டூன் கம்பெனி எடுத்த இந்தப் படம் அளவுக்கு கை சுத்தத்தப் பத்திக் கவலப்பட்ட கார்ட்டூன நான் பாத்ததில்ல.

படத்துல சமைக்கிற எலி பேரு ரெமி, அது ஏன் ரெண்டு கால்ல நடக்குதுன்னு கூடப்பொறந்த எமில் கேக்கும். தரைல ஊனுன கையாலயே சாப்பாட்டத் தொடுறதான்னு ரெமி சொல்லும். கடைக்கு வேலைக்கு வர்ற பையனுக்கு இத மண்டைல ஏத்த எனக்கு ஒரு மாசம் ஆகுது! அப்புறம் அந்த பாரிஸ் ஓட்டல் கிச்சன்ல இருக்குற ஒரே பொண்ணு கொலெட், புதுசா வேலைக்கு வந்த பையன் லிங்குவினிக்கு வேல சொல்லித்தர்ற சீன் இருக்கே, கைய உடம்போட ஒட்டி வச்சுக்கோ, ஸ்லீவ்ல கறை படக்கூடாது, வேல பாக்குற இடத்த அப்பப்ப ஒழிச்சு வைன்னு வெரட்டிக்கிட்டே இருக்கும், பிரெட்டு நல்லாருக்கான்னு திங்காமலே எப்படி கண்டுபிடிப்பன்னு கேட்டு அமுக்கி அந்த மொறுமொறு சத்தத்தக் காட்டும். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு சத்தத்த வச்சு சூடு பாக்குறவனுக்கு அது சட்டுனு புரியும்.

லிங்குவினி தொப்பிக்குள்ள ரெமிய வச்சுக்கிட்டு, அது முடியப் புடிச்சு இழுத்தா இவன் கை ஆடுறது ஓவர்தான், ஒத்துக்குறேன். ஆனா கடைசில எலிக் கூட்டமே சமைக்க வர்றப்ப மொத்தத்தையும் பாத்திரம் கழுவுற மிஷின்ல போட்டு நீராவில எடுத்துட்டுதான் உள்ள விடுவாங்க. அப்படியும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் எலியப் பாத்துட்டதால ஓட்டல இழுத்து மூடிடுறாங்க, எலி சமையல புகழ்ந்து எழுதுன சாப்பாட்டு விமர்சகர் ஈகோவுக்கும் வேல போயிடுது. இதுல தப்பான பாடம் எங்க இருக்கு?

அந்த ஈகோ ஊரையே மெரட்டுற விமர்சகரு, கத்திரிக்கா தக்காளின்னு சாதாரண வீட்டுக் காய்கறிச் சாப்பாடு, ஒரு வாய் வச்சதும் கைல இருந்த பேனா நழுவி விழும், சின்ன வயசுல அம்மா தட்டு வச்ச ஞாபகம். எங்க வீட்டுல அந்த எடத்துல யாரும் பேச மாட்டோம். 2008ல ஆஸ்கர் வாங்குன படம் சார் இது.

லீவு முடியுறதுக்குள்ள இன்னொரு லிஸ்ட் போடுவீங்கல்ல, அதுல சேத்துடுங்க.

இப்படிக்கு,
டிபன் கடைக்காரர், மதுரை