வெள்ளைக்காரரின் வீட்டுச் சண்டையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற இதழ்த் தலையங்கத்தில் பிரெக்சிற்றை, அதாவது பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதை, 'வெள்ளைக்காரரின் வீட்டுச் சண்டை, தமிழருக்கு அதில் இலாபமுமில்லை நட்டமுமில்லை' என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். அப்படித்தான் இருந்தது.

பாரிசில் இருக்கும் என் அக்கா முன்பெல்லாம் பிரெஞ்சு அடையாள அட்டையோடு காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் நிற்பா. இப்போது கடவுச்சீட்டும் வேண்டும், காசு கட்டி முன் அனுமதியும் வேண்டும். போன வருடம் அவவின் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு என் மனுசி இரவிரவாகப் பொரித்த இருநூறு மட்டன் ரோல்ஸையும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சுங்க அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியில் கொட்டினார். பிரித்தானியாவிலிருந்து இறைச்சி கொண்டுபோகக் கூடாதாம். நெய்ப் போத்தலும் போனது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு நான் அனுப்பிய மிளகாய்த்தூள் வியாபாரம் அதற்கு முதலே சுங்கப் பத்திரங்களுக்குள் செத்துவிட்டது.

நான் 2004இல் ஒல்லாந்துக் கடவுச்சீட்டோடு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவன். பன்னிரண்டு வருடம் வரி கட்டியும் 2016 ஜூன் 23 அன்று நடந்த பிரெக்சிற் வாக்கெடுப்பில் எனக்கு வாக்கில்லை. என் கடையில் மாணவர் விசாவில் நின்ற பொடியனுக்கு இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடல்லவா, அந்த நாட்டவருக்கு வாக்குண்டு! ஐரோப்பாக்காரர் போனால் எங்கட ஆட்களுக்கு விசா இலகுவாகும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் காட்டித்தான் அவன் வெளியேறச் சொல்லி வாக்குப் போட்டான். விசா வந்ததுதான். 2022இல் பராமரிப்பு வேலைக்குக் கதவைத் திறந்தார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை, 2025 ஜூலையில் கதவே பூட்டு. அவனுடைய தங்கச்சி தடைக்குப் பிறகு வந்தவள். புருசன் இன்னும் ஊரில், கொடிகாமத்தில்.

அந்தக் கட்டுரைக்கு அப்போதே நான் எழுதிய மறுப்பை நீங்கள் போடவில்லை. நல்லெண்ணெய் விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டிருக்கும்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். ஐரோப்பாவிலிருந்து வந்த எங்கள் முதியவர்களின் வதிவிட உரிமைக்குக் கையில் ஒரு அட்டைகூட இல்லை, எல்லாம் இணையத்தில். வாடகை வீட்டுக்காரர் கேட்டபோது என் மாமி அதைத் திறந்து காட்டத் தெரியாமல் அழுதுகொண்டு வந்தா. எப்படித் திறப்பது என்று ராசிபலன் பக்க மூலையில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரன்,
ஹரோ.