பட்டனுக்கு ஒரு நிலையான பேர் வைங்க: எங்க ஃப்ரண்ட்எண்ட் டீமுக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ரண்ட்எண்ட் டீம் மக்களுக்கும் மேனேஜர் சாருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை ராத்திரி ரிக்ரஷன் ரன் (பழைய டெஸ்ட் எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பாக்குறது) என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், முழுக்கதையும் திரும்ப சொல்லல. 340 டெஸ்ட்ல 112 செவப்பு, அதாவது ஃபெயில். காலைல ஸ்டாண்டப்ல "ஆட்டோமேஷன் மறுபடியும் ஃப்ளேக்கி"ன்னு ஒருத்தர் சொன்னாரு, எல்லாரும் தலையாட்டிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போயிட்டீங்க. ராத்திரி மூணு மணி வரைக்கும் லாக் பார்த்துட்டு வந்த எனக்கு அந்த இடத்துல பேச்சே வரல, அதான் எழுதுறேன்.

அது ஃப்ளேக்கி இல்லீங்க, காரணமில்லாம ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்னு ஆடுற கதை இல்ல. கோட் எந்த இடத்துல உடைஞ்சுதுன்னு காட்டுற 112 ஸ்டாக் ட்ரேஸையும் தொறந்து பார்த்தேன், எல்லாத்துலயும் அதே நோ சச் எலிமென்ட் எக்ஸெப்ஷன் (தேடின எலிமென்ட், அதாவது பட்டனோ பெட்டியோ, கிடைக்கலைங்கிற எரர்), எல்லாம் போய் நிக்கிறது செக்அவுட் பக்கத்துல இருக்கிற அந்த ஒரு 'பணம் செலுத்து' பட்டன்ல. அதைச் சுத்தி புதுசா ஒரு டிவ் (ஹெச்டிஎம்எல்ல வெறும் கட்டம்) வந்திருக்கு, ஸ்டைலிங் லைப்ரரி பில்டு ஆகும்போது ஹாஷ் போட்டு, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து, பட்டனோட கிளாஸ் பேரை உருவாக்குறதால அந்தப் பேரும் மாறிடுச்சு. பாக்குற யூசருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா அந்தப் பட்டனைக் கண்டுபிடிக்க எங்க கையில இருந்த துப்பே அந்த ரெண்டும்தான். டெஸ்ட் கண்டுபிடிக்கிறதுக்குன்னே வெக்கிற ஒரு நிலையான பேர், டெஸ்ட் ஐடி, இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

எங்க பக்கத்துலயும் தப்பு இருக்கு, மறைக்கல. சனிக்கிழமை உக்காந்து எங்க சூட்ல (மொத்த டெஸ்ட் தொகுப்புல) எந்த டெஸ்ட் எந்த எலிமென்ட்டைத் தொடுதுன்னு கணக்கெடுத்தேன். கோட்ல தேடிப் பார்த்தா மட்டும் சிக்காது, பாதி எக்ஸ்பாத் (எலிமென்ட் பக்கத்துல எங்க இருக்குன்னு சொல்ற வழி) டெஸ்ட் ஓடும்போதுதான் துண்டு துண்டா ஒட்டி உருவாகுது, அதனால எலிமென்ட்டைத் தேடுற ஃபைண்ட் எலிமென்ட்டுக்கு மேல உறை மாதிரி ஒரு ராப்பர் கோட் போட்டு ஒவ்வொரு கூப்பாட்டையும் லாக் எழுத வெச்சேன். அந்த ஒரே பட்டனை 9 ஃபைல்ல 9 விதமா எழுதி வெச்சிருக்கோம். எந்த டெஸ்ட்டும் கூப்பிடாத லொகேட்டர் (எலிமென்ட்டைத் தேடுற குறிப்பு) 200க்கு மேல சும்மா கெடக்குது. இதை சுத்தம் பண்றது எங்க வேலை, பண்றோம்.

ஆனா அந்த லாக்ல கண்ணுல பட்ட இன்னொண்ணு இருக்கு, செவப்பா வந்த 112 எனக்குப் பெருசில்ல, இதுதான் பயமா இருக்கு. அட்ரஸ் பக்கத்துல 'சேமி' பட்டனுக்கு ஐடி இல்லாததால 'ஃபார்ம்ல ரெண்டாவது பட்டன்'னு எண்ணி எழுதியிருந்தோம். நடுவுல நீங்க மேல ஒரு 'லொகேஷன் எடு' பட்டன் சேர்த்தீங்க, 'ரத்து செய்' ரெண்டாவதா ஆயிடுச்சு, 'சேமி' மூணாவதுக்குப் போயிடுச்சு. டெஸ்ட் போய் ரத்து செய்ங்கிறதை அமுக்கியிருக்கு, அட்ரஸ் லிஸ்ட் பக்கம் வந்திருக்கு, அங்க டெஸ்ட் டேட்டால ஏற்கெனவே அதே பின்கோட்ல ஒரு அட்ரஸ் இருந்ததால சரின்னு முடிச்சிருக்கு. மூணு ஸ்பிரின்ட்டா (நாம வேலையைப் பிரிச்சுக்கிற சின்னச் சுற்று) பச்சை, அதாவது பாஸ்! அந்த மூணு ஸ்பிரின்ட்ல எங்க சூட் ஒரு தடவை கூட ஒரு அட்ரஸைக் கூட சேமிக்கல. லேண்ட்மார்க் காலியா விட்டா சேவ் ஆகலைன்னு கஸ்டமர் கிட்ட இருந்து கம்ப்ளெய்ன்ட் வந்தப்ப "டெஸ்ட்டிங்ல எப்படி விட்டீங்க"ன்னு கேட்டது எங்களைத்தான்.

செலினியம் பிரவுசரை இயக்குற வெப்டிரைவர் 2018லயே, வெப் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சியோட தரமா வந்தாச்சு, டூல்ல ஒரு குறையும் இல்ல. காசு குடுத்து வாங்குற க்யூடிபி டூல் காலத்துல ஆப்ஜெக்ட் ரெபாசிட்டரின்னு எல்லா எலிமென்ட்டோட அடையாளத்தையும் சேர்த்து வெக்கிற ஒண்ணு டூலோடயே வரும், பட்டன் மாறினா ஒரு இடத்துல திருத்தினா போதும். இலவச டூலான செலினியம்ல அது கிடையாது, பேஜ் ஆப்ஜெக்ட்னு பக்கத்துக்கு ஒரு கிளாஸ் எழுதி லொகேட்டரை அதுல வெச்சு நாமளே ஒழுங்கா கட்டிக்கணும், அதுக்கு டைம் வேணும். லைசென்ஸ் காசு மிச்சம்னு மாறச் சொன்னவங்க அந்த டைமை மட்டும் எந்த எஸ்டிமேட்லயும் சேர்க்கல சார். எஸ்டிமேட் மீட்டிங்குக்கே எங்களைக் கூப்பிடுறதில்ல, ரிலீஸ் அன்னிக்கு சாயங்காலம்தான் எங்க ஞாபகம் வருது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நிஜ பட்டன் போடாம, டிவ்ல ஆன்கிளிக் (அமுக்கினா ஓடுற கோட்) வெச்சு பட்டன் மாதிரி காட்டுறீங்க. ப்ளேரைட்னு இன்னொரு டெஸ்ட் டூல்ல ரோல் (பட்டனா, லிங்க்கா, என்ன வகைன்னு) வெச்சுத் தேடினாக்கூட அது பட்டன்னு கிடைக்காது, கண்ணு தெரியாதவங்க யூஸ் பண்ற ஸ்க்ரீன் ரீடருக்கும் அது பட்டன்னு தெரியாது. எங்களுக்காக இல்லாட்டியும் அவங்களுக்காகவாவது மாத்துங்க.

கோபத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. கேக்குறது இதுதான்: யூசர் அமுக்குற, டைப் பண்ற ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் ஒரு நிலையான டேட்டா-டெஸ்ட்ஐடி போடுங்க, அதை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த ஐடியை எந்தெந்த டெஸ்ட் தொடுதுன்னு காட்டுற ஸ்க்ரிப்ட்டை ரிப்போல (கோட் வெக்கிற இடத்துல) போட்டுட்டேன், கோட் மாத்தத்தைச் சேர்க்கச் சொல்லி நீங்க அனுப்புற புல் ரிக்வெஸ்ட்லயே ஓட விடலாம். மேனேஜர் சார், லொகேட்டர் சுத்தம் பண்ண எங்களுக்கு ஒரு ஸ்பிரின்ட் ஒதுக்குங்க.

செக்அவுட் பக்கத்துக்கு 14 எலிமென்ட், பேரோட லிஸ்ட் ரெடியா வெச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் உங்க சீட்டுக்கே வரேன், ஒரு மணி நேரம் குடுங்க, கூட உக்காந்தே போட்டுடலாம்.

இப்படிக்கு,
உங்க டெஸ்ட் டீம்ல ஒருத்தி