கோயாவுக்கு ஒரு நியாயம், ஹாம்ப்டனுக்கு ஒரு நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியக் கண்காட்சிகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சமூக விமர்சன ஓவியர்கள் ஒரு பக்கம், 'விசித்திர மேதைகள்' மறுபக்கம் என்று கட்டுரையாளர் பிரித்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பல அருங்காட்சியகங்களே அப்படித்தான் அறை பிரிக்கின்றன. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு இது ஒப்பவில்லை.

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கை எந்த அறையில் வைப்பார்கள்? மரத்தில் தேவதைகளைக் கண்டதாகச் சொன்னவர். 1809-ல் அண்ணனின் காலுறைக் கடை மாடியில் தன் படங்களைத் தானே காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்தவர்கள் சொற்பம். வந்த ஒரே பத்திரிகை விமர்சனமும் அவரைச் சித்தம் கலங்கியவர் என்றது. சரி, விசித்திர அறை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1796-ல் வெளியான ஸ்டெட்மன் என்ற படைவீரர் தென் அமெரிக்காவின் சூரினாம் பற்றி எழுதிய நூலுக்கு அடிமைகளின் சித்திரவதையைச் செம்புத் தகட்டில் செதுக்கியதும் இதே கைதான். விலா எலும்பில் கொக்கி மாட்டி உயிரோடு தொங்கவிடப்பட்ட மனிதன் அதில் இருக்கிறான்.

ஸ்பானிய ஓவியர் கோயாவுக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. 1799-ல் அவர் வெளியிட்ட 'காப்ரிச்சோஸ்' என்ற அச்சுப்படத் தொகுப்பின் 80 படங்களில் சூனியக்காரிகள் பறக்கிறார்கள், ஒரு கழுதை நோயாளிக்கு நாடி பார்க்கிறது. பிற்காலத்தில் பிள்ளையைத் தின்னும் பூதத்தை வீட்டுச் சுவரிலேயே வரைந்தார். ஆனாலும் அவர் அரண்மனை ஓவியர். அதனால் சமூக விமர்சகர் ஆகிவிட்டார்!

துடைப்பம் பிடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களை இரவில் துப்புரவு செய்த கறுப்பினத்தவர் ஜேம்ஸ் ஹாம்ப்டன். வாடகைக் கொட்டகை ஒன்றில் பழைய மரச்சாமான், ஜாம் பாட்டில், பல்பு, அட்டை என்று கிடைத்ததையெல்லாம் தங்க, வெள்ளி நிற அலுமினியத் தாளில் பொதிந்து, கிறிஸ்துவின் வருகைக்காகச் சிம்மாசனம் கட்டினார். சுமார் 180 உருப்படிகள். உச்சியில் 'அஞ்சாதே' என்று எழுதியிருக்கும். 1964-ல் அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது, இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படத்தை வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவன், "இவரை அதில் உட்கார விடுவாங்களா சார்?" என்பான். நிறம் பார்த்து மனிதரைப் பிரித்து வைத்திருந்த தலைநகரில் எழுந்த சிம்மாசனம் அது. வெறும் பக்தி என்று எப்படி ஒதுக்குவது?

சிகாகோவின் ஹென்றி டார்கர் கதையும் இதுதான். மருத்துவமனைத் துப்புரவாளர், 1973-ல் இறந்தார். அடிமைக் குழந்தைகள் எஜமானர்களை எதிர்த்துப் போராடுவதை 15,000 பக்கங்களுக்கு மேல் எழுதி, படமும் வரைந்தவர். சிறுவயதில் காப்பகத்தில் அடைக்கப்பட்டுத் தப்பி ஓடியவரும்கூட. ஆனால் அவரைப் பற்றிய பேச்சு முதலில் போய் நிற்பது அவர் மனநிலையில்தான்.

கண்காட்சிக் குறிப்புகளில் என்ன பொருளால் செய்தார், பிழைப்புக்கு என்ன வேலை பார்த்தார் என்பதை முதலில் எழுதட்டும். நோய் கடைசி வரியில் வரட்டும். உங்கள் கட்டுரையாளரும் அடுத்த முறை கோயாவையும் டார்கரையும் ஒரே பத்தியில் எழுதிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்