கிணற்றடி அடுப்பை அளந்து அனுப்பு

தெர்ராசினி, சிசிலி (இத்தாலி)
7.9.2025

அன்புள்ள மச்சான்,

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தொலைபேசியில் இரண்டு தரம் பேசியதை நீ கணக்கில் சேர்க்க மாட்டாய் என்று தெரியும். எழுத உட்காரும்போதெல்லாம் அம்மாவின் முகம்தான் முன்னுக்கு வந்தது, பேனையை வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவன் பலெர்மோவில் வேலைக்குப் போகிறான். சின்னவளுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடம் முடிகிறது. உன் முழங்கால் எப்படி? குஞ்சியப்பு இன்னும் அந்தக் குடையோடுதான் திரிகிறாரா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடந்த தையில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம் என்று சொன்னேன் அல்லவா? இருபத்தாறு வருடம் பலெர்மோவின் பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். அங்கே மிளகாய் வறுக்க வேண்டுமென்றால் மேல்வீட்டு அம்மா ஞாயிறு பூசைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவோம். இப்போதுதான் வளவு என்று ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு எலுமிச்சை, ஒரு ஒலிவ் மரம், வீட்டின் பின்பக்கம் ஓடு பதித்த திறந்த இடம். பத்து நிமிடம் நடந்தால் கடல். அந்தப் பின்பக்கத்தில் ஒரு வெளிக்குசினி போட வேண்டும், வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் வெளியே இருந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் வந்த நாளிலிருந்து எங்கள் ஆசை. வைகாசியிலிருந்து ஒக்டோபர் வரை இங்கே யார்தான் வீட்டுக்குள் இருந்து சாப்பிடுகிறார்கள்?

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. காலையிலிருந்தே ஷிரோக்கோ. சகாராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் இந்தத் தென்கிழக்குக் காற்றுக்கு முன்னால் நம் சோளகம் வெறும் தென்றல். அடுப்பு வாய்க்குள் முகத்தை நீட்டியது போல இருக்கும். மச்சாள் குடும்பம் வந்திருந்தது, மீனும் வாங்கியாயிற்று. கடையில் மலிவாக வாங்கிய ஒரு தகர அடுப்பில் கரி மூட்டிச் சாளை மீனை அடுக்கினேன். ஒரு சுழல் காற்று. தணல் ஒன்று எழும்பி மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. அடுத்த வளவில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். நான் மதிலில் ஏறும்போதே ஒரு பாய் அகலத்துக்குப் பற்றிவிட்டது. மூத்தவன் தண்ணீர்க் குழாயை எட்டித் தந்தான், சகலன் ஈரச் சாக்கால் அடித்தான். இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அன்று இரவு நான் கண் மூடவில்லை, மச்சான்.

2023 ஜூலை 25ஆம் திகதியை நான் இங்கே இருந்து பார்த்தவன். பலெர்மோவில் அந்த நாட்களில் வெப்பம் 47 பாகைக்குப் போனது. சுற்றி நிற்கும் மலைகள் இரவு முழுக்க எரிந்தன. காலையில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். சாந்தா மரியா டி ஜேசு கோவில் எரிந்தது, கறுப்புப் புனிதர் பெனெடெத்தோவின் திருவுடல் இருந்த இடம் அது. நாங்கள் மாடியில் நின்று சிவந்த மலையைப் பார்த்தபடி பிள்ளைகளின் பாஸ்போட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தோம். முன்பும் ஒருமுறை அப்படிப் பை கட்டியவர்கள் அல்லவா நாங்கள். அந்த மலைகளில் ஒன்றின் அடிவாரத்தில் இப்போது வீடு எடுத்திருக்கிறேன். ஒரு தட்டு மீனுக்காக அதைத் திரும்பவும் கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று கட்சி. இவள், "நெருப்பே வேண்டாம்" என்கிறாள், விறகடுப்பு வேண்டும் என்று முதலில் கேட்டவளே அவள்தான். மூத்தவன் கைத்தொலைபேசியில் ஒரு காஸ் அடுப்பைக் காட்டுகிறான். ஆறு வாய், மூடி, பக்கத்தில் குளிர்பெட்டி, மினுங்கல் சொல்லி வேலையில்லை. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. மூன்று மாதம் தேடி, கேட்டு, கடை கடையாகத் தட்டிப் பார்த்து இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

முதலில் நிழல். இங்கே எல்லோரும் அடுப்பை வாங்கிவிட்டுத்தான் நிழலைத் தேடுகிறார்கள். இதே தீவில் புளோரிடியா என்ற ஊருக்குப் பக்கத்தில் 2021 ஓகஸ்ட் 11 அன்று 48.8 பாகை பதிவானது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். இந்த வெயிலில் குடை எந்த மூலைக்கு? ஒற்றைக் காலில் தொங்கும் பெரிய குடை ஒன்றை முன்வீட்டுக்காரர் வைத்திருந்தார், மாசி மாதக் காற்றில் அது எங்கள் எலுமிச்சையில் வந்து தொங்கியது. நான் பந்தல்தான் போடப் போகிறேன். மேலே முந்திரிகைக் கொடி, திராட்சைதான். நம் ஊர் முந்திரிகைப் பந்தல் மாதிரியேதான், இங்கேயும் பழைய வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள். கோடையில் இலை அடர்ந்து நிழல் தரும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும். கொடி ஏறும் வரை நாணல் தட்டி. ஆனால் அடுப்புக்கு மேலே கொடியும் வராது, தட்டியும் வராது. அடுப்பு பந்தலுக்கு வெளியே, மூன்று மீட்டர் தள்ளி.

அப்புறம் உப்பு. கடைகளில் எதைக் கேட்டாலும் "கறள் பிடிக்காது" என்பார்கள். அந்தத் தகர அடுப்பின் கால்கள் ஒரே இளவேனிலில் உதிர்ந்துவிட்டன. இங்கே இரும்பு ஒட்டுவேலை செய்யும் ஒரு கிழவர்தான் எனக்கு விஷயத்தைச் சொல்லித் தந்தார். சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போ என்றார். மலிவான சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 430 என்ற ரகம், காந்தம் பிடிக்கும், கடற்காற்றில் சீக்கிரம் கறள் வரும். 304 பரவாயில்லை. கடலுக்கு இவ்வளவு கிட்ட என்றால் 316தான், அதில் மொலிப்டினம் என்ற உலோகம் கொஞ்சம் கலந்திருப்பதால் உப்புக்குத் தாக்குப் பிடிக்கும். மூத்தவனின் மினுங்கல் அடுப்பில் காந்தத்தை வைத்தேன், கதவு முழுக்க ஒட்டியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

எதற்கு இவ்வளவு, சீமெந்தும் செங்கல்லும் இருக்கும்போது? கறள் பிடிக்காத அடுப்பு மண் அடுப்புத்தானே. சிசிலிக்காரரும் அதைத்தான் செய்கிறார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இந்தத் தீவு முழுக்கப் புகைதான். கூனைப்பூவை (ஆர்ட்டிசோக்) அப்படியே தணலுக்குள் புதைத்து வைத்து, வெளி இதழ் கருகியதும் எடுத்து, உள்ளே எண்ணெயும் உள்ளியும் புதினாவும் விட்டுச் சாப்பிடுவார்கள். மீனுக்கு ஒலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஒரேகனோ. நீ வந்தால் முதல் நாள் அதைத்தான் செய்து தருவேன். இது காஸில் வராது. தணலில் எண்ணெய் சொட்டி எழும்பும் அந்தப் புகை இல்லாமல் சாளை வெறும் அவித்த மீன்.

ஆகவே செங்கல் அடுப்பு, இடுப்பளவு உயரத்தில். முதுகுச் சுவர் தென்கிழக்கை மறைத்து நிற்கும், இரண்டு பக்கமும் சுவர், மேலே புகைக்கூடு, அதன் வாயில் தணல் தாண்டாத கம்பி வலை. உள்பக்கம் நெருப்புச் செங்கல். கட்டி முடித்ததும் பெரிய நெருப்புப் போடக்கூடாதாம், சில நாட்கள் சின்னச் சின்ன நெருப்பாகப் போட்டு ஈரத்தை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். எரிக்க ஒலிவ், வாதுமை விறகு. பைன் வேண்டாம், பிசின் பொறி பறக்கும். பக்கத்தில் மூடியுள்ள இரும்பு வாளி, சாம்பலுக்கு. சாம்பலுக்குள் தணல் அடுத்த நாள் வரை உயிரோடு இருக்கும் என்று அம்மா எங்களை எத்தனை தரம் ஏசியிருக்கிறா.

ஷிரோக்கோ அடிக்கும் நாளில் அந்த அடுப்பில் ஒரு குச்சிகூட எரியாது. இதை இவளுக்கு வாக்காகக் கொடுத்திருக்கிறேன். அந்த நாட்களுக்கு இரண்டு வாய்க் காஸ் அடுப்பு ஒன்று போதும், ஒன்றில் தோசைக்கல், மற்றதில் சட்டி. சிலிண்டரைக் கீழே காற்றோட்டமுள்ள திறந்த தட்டில் வைக்கப் போகிறேன். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும், அழகுக்காக அலுமாரிக்குள் பூட்டி வைப்பது பெரும் பிழை.

மேசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. முதலில் வெள்ளைச் சலவைக்கல் என்று நினைத்தோம். ஒரு நாள் சலவைக்கல் துண்டு ஒன்றில் புளிக்கரைசலை விட்டுப் பார்த்தேன், அரை மணித்தியாலத்தில் மினுக்கம் செத்துவிட்டது. எலுமிச்சைக்கும் அப்படித்தான், அது சுண்ணாம்பு இனம். தேக்கு நல்லது, விலை கேட்கக் கூடாது. பிளாஸ்ரிக் கதிரை இந்த வெயிலில் சில வருடத்தில் நொறுங்கும். இப்படியே போய், சாந்தோ ஸ்தெபானோ டி கமாஸ்த்ரா என்ற ஊருக்குப் போனோம். பலெர்மோவிலிருந்து கிழக்கே கடலோரம், மட்பாண்ட ஊர், தெரு முழுக்கத் தட்டும் பானையும். அங்கே எத்னா எரிமலைக் கல்லைப் பலகையாக அறுத்து, மேலே நிறம் தீட்டிப் பூச்சிட்டுச் சூளையில் சுட்டு மேசைப் பலகை ஆக்குகிறார்கள். எரிமலையிலிருந்து வந்த கல்லுக்குச் சூளை ஒரு பொருட்டா? கொதிக்கும் சட்டியை அப்படியே வைக்கலாம், மஞ்சள் ஊறாது, புளி அரிக்காது. மஞ்சளும் நீலமுமாக எலுமிச்சைக் கொத்து வரைந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், கையை எடுக்க மனம் வரவில்லை. கடும் நிறம் வேண்டாம், வெயிலில் சுடும் என்று சொல்லி வெளிர் நிறத்தில் இரண்டு மீட்டருக்கு ஒன்று சொல்லிவிட்டோம். பாரம் அதிகம், நாலு பேர் வேண்டும் தூக்க. காற்றில் பறக்காது, அது போதும். கதிரைகள் அலுமினியம், மெத்தைத் துணி நூலிலேயே நிறம் ஏற்றியது. பீற்றூட் போல உள்ளும் புறமும் ஒரே நிறம் என்றால்தான் வெயிலுக்கு வெளிறாது.

மூன்று நாளைக்கு முன் சாந்தா ரோசாலியா மலைக்கு ஏறினோம், செப்டம்பர் 4 அந்தப் புனிதையின் திருநாள் அல்லவா. நம் ஆட்கள் நிறையப் பேர், வெறுங்காலோடு. மேலிருந்து பார்த்தால் எரிந்த மலைகளில் பச்சை திரும்பவும் வந்திருக்கிறது. இவள் அங்கே நின்றுதான் சொன்னாள், "சரி, அடுப்பைக் கட்டுங்கோ. கூழ் காய்ச்ச ஒரு கல்லடுப்பும் பக்கத்தில் வையுங்கோ."

அதற்குத்தான் உன் உதவி. ஒடியல் கூழ்ப் பானையை இரும்புத் தட்டில் வைத்தால் அடி பிடிக்கிறது. உங்கள் கிணற்றடியில் அம்மா கூழ் காய்ச்சும் அந்த மூன்று கல் இன்னும் அப்படியே இருக்கிறதா? (அந்தப் பானைக்குள் நீ அன்று என்ன போட்டாய் என்று நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, இந்த வேலையைச் செய்து தந்தால் இனியும் சொல்ல மாட்டேன்.) கல்லின் உயரம், கல்லுக்குக் கல் இடைவெளி, விறகு வாய் எந்தத் திசை என்று அளந்து எழுது. அம்மா ஏன் அந்தத் திசையில் வைத்தா என்று உன் அக்காவுக்குத் தெரிந்திருக்கும், அவவிடமும் கேள். கொத்தனார் அடுத்த மாதம் 10ஆம் திகதி வருகிறார். அதற்கு முன் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்
உன் மச்சான்