தித்தோனஸ் பாக்கியசாலியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கிரேக்கப் புராணத் தொடரில், விடியலின் தேவி ஈயோஸ் காதலித்த தித்தோனஸை 'சாகா வரம் பெற்ற பாக்கியசாலி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ட்ராய் அரசகுமாரனான அவனுக்குச் சாவே கூடாது என்று தேவர்களின் அரசன் சியூஸிடம் கேட்டவள், இளமையைக் கேட்க மறந்துபோனாள். முதல் நரை தெரிந்ததுமே அவன் படுக்கைக்குப் போவதை நிறுத்தினாள். சோறும் துணியும் மட்டும் குறைவில்லாமல் கொடுத்தாள். கைகால் அசைக்க முடியாமல் போனதும் ஓர் அறையில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் குரல் மட்டும் ஓயவில்லை. ஹோமர் பெயரில் வழங்கும் பழைய துதிப்பாடலில், காதல் தேவி அப்ரோடைட்டியே இதைத் தன் மனிதக் காதலன் ஆங்கைசிஸிடம் சொல்லி, உனக்கு இப்படியொரு வாழ்வை விரும்பமாட்டேன் என்கிறாள்.

என் அப்பா 6 வருடம் படுக்கையில் கிடந்தார். பேச்சு குழறியது, ஆனால் நிற்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் பின்கட்டிலிருந்து கேட்கும். ஒரு நாள் தூக்கம் தாங்காமல் நானே அந்தக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பார்க்க வந்தவர்களோ, "தொண்ணூறைத் தாண்டிட்டார், கொடுத்து வைத்தவர்" என்றார்கள். உங்கள் வரியைப் படித்தபோது அதுதான் திரும்பக் கேட்டது.

இது முதல் தடவையும் இல்லை. சியூஸின் சுயரூபத்தைக் கண்டு அவனுடைய மனிதக் காதலி செமெலே எரிந்து சாம்பலானதை 'காதலின் உச்சம்' என்றீர்கள். தன் ஆசைக்கு இணங்காத கசாண்ட்ராவின் வருங்காலம் சொல்லும் வாக்கை யாரும் நம்பாதபடி அப்பல்லோ கடவுள் செய்ததைக் 'காதல் தோல்வி' என்றீர்கள். இரண்டு முறையும் எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. மார்பெஸ்ஸாவைப் பற்றி ஏன் எழுதவே இல்லை? அப்பல்லோவா, ஐடாஸா என்று சியூஸ் கேட்டபோது, வயதானால் கடவுள் கைவிட்டுவிடுவான் என்று பயந்து மனிதனைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

தொடர் புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்போது 'பாக்கியசாலி' என்ற அந்த ஒரு சொல்லையாவது தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகி,
கும்பகோணம்