மாதவரம் தோட்டம்: இந்த வாரக் காய் பை

எல்லாருக்கும் வணக்கம், தை கடைசில போட்ட வெண்டை காய்க்க ஆரம்பிச்சிடுச்சு, ஒரு நாள் விட்டாலும் முத்திடும்ங்கறதால தெனமும் விடியக்காலைலயே பறிக்கிறோம், நுனியத் தொட்டாலே பட்டுனு ஒடியுது, அவ்ளோ பிஞ்சு. பங்குனி வெயில் இப்பவே சுள்ளுனு அடிக்குது, சூடு ஏறுனா தக்காளி பூ கொட்டிடும், அதனால தக்காளி கம்மி, பதிலா சிறுகீரையும் வெள்ளரிப் பிஞ்சும் வைக்கிறோம். காய் பைக்கு முன்பணம் கட்டி வெளைச்சலோட இந்த ஏத்த எறக்கத்த நீங்களும் சேர்ந்து தாங்குறதாலதான் மருந்தடிக்காம வெறும் வேப்பங்கொட்டைக் கரைசல்லயே ஓட்ட முடியுது, மனசார நன்றி.

சனிக்கிழமை காலைல 7 மணிக்கு தோட்டத்துக்கு வாங்க, பெரம்பூர், வியாசர்பாடிக்காரங்க பைய மூலக்கடைல வாங்கிக்கலாம். கத்திரிச் செடிக்கு மூடாக்கு போடணும், அதாவது அடி மண்ண எலதழையால மூடணும், காஞ்ச எல இருந்தா ஒரு கோணில கட்டி எடுத்துட்டு வாங்க, பசங்களையும் கூட்டிட்டு வாங்க.